சத்தமில்லாத தொட்டி

சமையலறைச் சுவரில் மூன்று விளக்குகள். பச்சை, மஞ்சள், சிவப்பு. மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்வது அவற்றின் வேலை.

இப்போது சிவப்பு எரிந்தது.

அவள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். காலை பதினொரு மணிக்கு அவளே நின்று மோட்டார் போட்டு, பச்சை வந்ததும் நிறுத்தியிருந்தாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை. துவைக்கவில்லை. இரண்டு டம்ளர் கழுவினாள். இரண்டு டம்ளர் கழுவ ஆயிரம் லிட்டரா?

மணி ஒன்று ஐம்பது.

மூன்றரைக்கு சிஸ்டர் வந்துவிடுவார். நான்கு மணிக்கு உள்ளறையில் டயாலிசிஸ் மெஷின் ஓட ஆரம்பிக்க வேண்டும். எட்டு மணி வரை நிற்காமல் ஓட வேண்டும். மெஷினுக்கு இரண்டு சாப்பாடு. ஒன்று கரண்ட், இன்னொன்று தண்ணீர். தண்ணீர் நின்றால் கத்தும். கத்தினால் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் ரத்தத்தை அவசரமாக உடம்புக்குள் அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணி நேரத்தில் கத்தியது. வியாழக்கிழமை அதைவிடக் கொஞ்சம் முன்னாலேயே. இன்று சனி. அவள் கணவனின் கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் இருந்தன. நான்கு வார்த்தை பேசினால் ஐந்தாவதுக்கு மூச்சு வாங்கினான்.

"மூணாவது தடவையும் பாதியில நின்னா என் கையில ஒண்ணும் இல்லம்மா," என்று வியாழக்கிழமையே சிஸ்டர் சொல்லிவிட்டார். "வீட்ல தண்ணி வசதி போதாதுன்னு எழுதணும். மெஷின் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

வீட்டுக்கு மெஷின் வந்தபோது ஆஸ்பத்திரியில் விட்டுக்கொடுத்த படுக்கைக்கு அன்றைக்கே வேறு ஆள் வந்தாகிவிட்டது. அவசரம் என்றால் சேர்த்துக்கொள்வார்கள். வாரம் மூன்று முறை, வருஷம் முழுக்க என்றால் வரிசையில் நில் என்பார்கள். வரிசையில் நிற்கிற காலில்லை அது.

"தம்பி!"

கணவனின் தம்பி பின்கட்டிலிருந்து ஓடி வந்தான். சட்டைப் பையில் டெஸ்டர், காதில் பென்சில். மரச்சாமான் கடையில் வேலை. ஆனால் வீட்டில் அயர்ன் பாக்ஸிலிருந்து அலாரம் கடிகாரம் வரை எதையும் திறந்து பார்த்துவிடுவான். திறந்ததில் பாதி மறுபடி மூடவில்லை. அதனால் வீட்டில் அவன் பெயர் இன்ஜினியர்.

"மறுபடியுமா அண்ணி?"

"நீயே பாரு."

மோட்டாரைப் போட்டார்கள். ஓடியது. பத்து நிமிடம் ஓடியும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

"மெக்கானிக்குக்கு போன் போடு."

"நான் ஒரு தடவை கழட்டிப் பாத்துட்டு..."

"போன் போடு தம்பி!"

அந்தத் தெருவில் மோட்டார் மெக்கானிக்கை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வான். ஒரு நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தால் கோளாறு வெளியே வந்துவிடும். பெண்டாட்டி பேசுவது மட்டும்தான் அவன் காதில் விழாது என்பது தெருவின் பழைய கிண்டல்.

வண்டியை நிறுத்தும்போதே முகம் சுளித்தான்.

"நிறுத்துக்கா, நிறுத்து! வெறும் வயித்துல ஓடிட்டு இருக்கு. தண்ணியே ஏறல. இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா உள்ள காயில் கம்பி புகைஞ்சிருக்கும்."

மோட்டார் தலையிலிருந்த மூடியைத் திருகி எடுத்தான். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான். நிறைந்தது, மெல்ல இறங்கியது. இன்னொரு குடம். அதுவும் இறங்கியது. உட்கார்ந்து அதையே பார்த்தான்.

"கீழ்த்தொட்டிக்குள்ள, பைப்போட அடியில ஒரு வால்வு இருக்குல்ல, ஃபுட் வால்வ்? ஏறின தண்ணியைத் திரும்ப இறங்க விடாத கதவு. அதுல மண்ணோ கல்லோ மாட்டியிருக்கு. கதவு சில நேரம் சரியா சாத்தல. மோட்டாரை நிறுத்தினா பைப்புல நிக்கற தண்ணி இறங்கிடுது. அடுத்த தடவை போட்டா காத்தைத்தான் இறைக்குது."

"அதை மாத்திடு."

"கீழ்த்தொட்டியை முழுசா காலி பண்ணி, துருப்பிடிச்ச பைப்பைக் கழட்டி, மூணு மணி நேரமாவது ஆகும். எத்தனை மணிக்கு வேணும் உங்களுக்கு?"

"நாலு மணிக்கு."

"அப்ப இன்னிக்கு முடியாது. இப்போதைக்கு ஊத்தி ஓட்டலாம்."

மளமளவென்று ஊற்றி, மூடியைத் திருகி, சுவிட்சைத் தட்டினான். மோட்டார் ஒரு இருமல் இருமியது. பிறகு குரல் மாறியது. பிடித்துக்கொண்டது.

இரண்டு நாற்பத்தைந்துக்குப் பச்சை வந்தது. நிறுத்தினார்கள்.

கீழ்த்தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ள அவள் உள்ளே குனிந்து, தண்ணீர் நிற்கிற இடத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். எதையும் கோடு போட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். கணவன் ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னது முக்கால் லிட்டர். அந்தப் பாட்டிலில்கூட நகப்பாலிஷால் கோடு போட்டு வைத்திருந்தாள். காலைக்கு இவ்வளவு, மாத்திரைக்கு இவ்வளவு, ராத்திரிக்கு இவ்வளவு. அவன் அவளை 'இன்ஸ்பெக்டரம்மா' என்பான்.

காது கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். கிளம்பவில்லை.

"ஒண்ணு மட்டும் இடிக்குதுக்கா. வால்வு கசிஞ்சா பைப்புல இருக்கற தண்ணிதான் போகும். ரெண்டு குடம், மூணு குடம். மேல இருந்த ஆயிரம் லிட்டர் எங்க போச்சு?"

அவள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

பச்சை அணைந்திருந்தது. மஞ்சள்.

மணி மூன்று ஐந்து.

"தம்பி, எல்லாக் குழாயும் பாரு!"

இன்ஜினியர் ஒரு பக்கம் ஓடினான். அவள் ஒரு பக்கம். சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய், கழிவறைத் தொட்டி, வாசல் குழாய். எதுவும் சொட்டவில்லை. சுவரெல்லாம் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். எங்கும் ஈரமில்லை. காது வீட்டுக்குத் தண்ணீர் வருகிற பைப்பின் வால்வையே இறுக்கி அடைத்தான்.

"இப்ப மேலருந்து ஒரு சொட்டு கீழ வராது. இதுக்கு அப்புறமும் குறைஞ்சா தொட்டிதான் ஓட்டை. நான் மேல போய்ப் பாக்கறேன்."

"நான் போறேன்!"

இன்ஜினியர் அதைச் சொன்ன வேகத்தில் ஏணியில் பாதி ஏறியிருந்தான். இரண்டு நிமிடத்தில் இறங்கினான்.

"காஞ்சு கெடக்கு. தொட்டியைச் சுத்தி ஒரு பொட்டு ஈரம் கிடையாது. வெடிப்பும் இல்ல."

"மூடியைத் திறந்து உள்ள பாத்தியா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு." அண்ணியைப் பார்க்காமல் சொன்னான்.

"அப்ப விளக்குல கோளாறா?" என்றாள் அவள். அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

காது விளக்குப் பெட்டியைத் திறந்தான். ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்தான். பத்து நிமிடம் அதில் போனது. விளக்கு பொய் சொல்லவில்லை.

உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது. பிறகு கணவனின் குரல். "என்னாச்சு? தண்ணி... வந்துச்சா?"

"வந்துடுச்சுங்க. நீங்க படுங்க!"

பொய். சொல்லிவிட்டுப் பின்பக்கம் வந்து கீழ்த்தொட்டியின் மூடியைத் தூக்கினாள். இங்கே மிச்சம் இருப்பதையாவது வாளியில் தூக்கி மாடிக்கு ஏற்ற முடியுமா என்று கணக்குப் போடத்தான் குனிந்தாள்.

சாக்பீஸ் கோட்டைக் காணோம்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். கோடு இருந்தது. தண்ணீருக்கு அடியில், நாலு விரல் ஆழத்தில், கலங்கலாக.

"அண்ணே! இங்க வாங்க!"

காது வந்து குனிந்தான்.

"ரெண்டே முக்காலுக்குக் கோடு போட்டேன். தண்ணி இதுக்குக் கீழ இருந்துச்சு. இப்ப மேல ஏறியிருக்கு."

"தெருக்குழாய்ல தண்ணி வந்துச்சா?"

"அது காலையில ஆறு மணியோட சரி."

அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். நின்றுபோன மோட்டாரின் முதுகில் நுனியை வைத்தான், பிடியில் காதை வைத்தான், கண்ணை மூடினான். பின்கட்டில் சின்னச் சத்தம்கூட இல்லை.

"ஸ்ஸ்ஸ்..." என்றான் காது, கண்ணைத் திறக்காமல். "மோட்டார் ஓடல. ஆனா உள்ள தண்ணி ஓடுது. ஏறின வழியாவே இறங்கிட்டு இருக்கு."

"அந்த வால்வு வழியாவா?"

"ஆமா. ஆனா அது நடக்கவே முடியாதுக்கா! பைப்பு தொட்டி விளிம்புக்கு மேல வந்து, அங்கேருந்து தண்ணியைக் கொட்டும். கொட்டின தண்ணி எப்படித் துள்ளிக் குதிச்சு மறுபடி பைப்புக்குள்ள நுழையும்? அதுக்கு என்ன கால் முளைச்சிருக்கா?"

சட்டென்று நிறுத்தினான். தலையைச் சாய்த்தான். எதையோ கேட்பவன் போல. கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் அவனை உறுத்தியது.

"அக்கா, மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த மோட்டாரை வெச்சது நான். போட்டா மேல தண்ணி விழுற சத்தம் வாசல் வரைக்கும் கேக்கும். தடதடன்னு. சாரோட ரூமுக்கு நேர் மேல தொட்டி. இன்னிக்கு அரை மணி நேரம் ஓடுச்சே, அந்தச் சத்தம் கேட்டுச்சா?"

அவள் யோசித்தாள். மோட்டார் ஓடும்போதெல்லாம் அதன் பக்கத்திலேயே நிற்பவள் அவள். அந்த இரைச்சலில் வேறெதுவும் காதில் விழுந்ததில்லை. இன்று ஒரு தடவை நடுவில் வீட்டுக்குள் போய் வந்தாள். உள்ளே அமைதியாக இருந்தது.

"கேக்கல."

இருவரும் ஒரே நேரத்தில் இன்ஜினியரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் வெளுத்திருந்தது.

"மேல என்னடா பண்ணி வெச்சிருக்க?" என்றான் காது.

"ஒண்ணும் பண்ணல."

"மணி மூணு இருபது. உங்க அண்ணனுக்கு நேரம் இருக்குன்னு நெனச்சியா?"

அவன் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துத் திருகினான். ஜன்னல் வழியாக உள்ளறையிலிருந்துதான் குரல் வந்தது. மூச்சு விட்டு விட்டு.

"சொல்லிடுடா... சின்னவனே. நான்தானே செய்யச் சொன்னேன்."

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். கணவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்ததற்கே வியர்த்திருந்தது.

"என்ன செய்யச் சொன்னீங்க?"

"அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன்."

இன்ஜினியர் கொட்டிவிட்டான். "போன வாரம் அண்ணி. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. மேல பைப்போட வாய்ல ஒரு நீளப் பைப்புத் துண்டு ஒட்டி, தொட்டியோட அடி வரைக்கும் இறக்கி விட்டேன். தண்ணி தண்ணிக்குள்ளயே போய் விழும், சத்தம் வராது. அவ்வளவுதான். அண்ணிகிட்ட சொல்லாதடான்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு. ஆனா சத்தியமா இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு இப்பவும் எனக்குப் புரியல!"

காது தலையில் கை வைத்தான்.

"புரியலையா? வண்டி டேங்க்ல டியூப் விட்டு வாயால உறிஞ்சி பெட்ரோல் எடுத்திருக்கியா? ஒரு தடவை உறிஞ்சிட்டா அப்புறம் அதுவா வந்துட்டே இருக்கும்ல? அதைத்தான் நீ பண்ணி வெச்சிருக்க. டியூபோட ஒரு முனை மேல தண்ணிக்குள்ள. இன்னொரு முனை கீழ, கதவு சாத்தாத வால்வு. மோட்டார் நின்ன நிமிஷத்துலருந்து தொட்டி தன்னைத் தானே காலி பண்ணிட்டு இருக்கு! வால்வு மட்டும் கசிஞ்சிருந்தா ரெண்டு குடத்தோட போயிருக்கும். பைப்பு மட்டும் இறக்கியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ரெண்டும் ஜோடி சேர்ந்துடுச்சு. எடுடா பிளேடை!"

இன்ஜினியர் ஓடினான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏங்க? அந்தச் சத்தம் உங்களை என்ன செஞ்சுது?"

கணவன் சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்திருந்ததால் பாதியில் நிறுத்தினான்.

"முக்கால் லிட்டர், இன்ஸ்பெக்டரம்மா. கோடு போட்டு. நாக்கு பல்லோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். அந்த நேரத்துல தலைக்கு மேல ஆயிரம் லிட்டர் கொட்டுது. தினம் அரை மணி நேரம். ஒரு நாள்... எழுந்து குழாய்கிட்ட போயிட்டேன். வாயை வெச்சுட்டேன். சின்னவன்தான் பாத்து இழுத்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீயும் குடிக்க மாட்ட. ஏற்கெனவே சமையலறைக் கதவைச் சாத்திட்டுத்தானே குடிக்கற? எனக்குத் தெரியாதா?"

அழுவதற்கு நேரமில்லை. வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம். மூன்றரைக்கு வர வேண்டிய சிஸ்டர் ஐந்து நிமிடம் முன்னால் வந்துவிட்டார்.

மாடியில் காதும் இன்ஜினியரும் தொட்டிக்குள் தலையை விட்டிருந்தார்கள்.

"அண்ணே, அறுக்க வேண்டாம்ணே. பைப்போட வளைவுல ஒரு சின்ன ஓட்டை போட்டா காத்து உள்ள போய் உறிஞ்சறது நின்னுடும்ல? சத்தமும் வராது."

"பரவால்ல, மூளை இருக்கு. ஓட்டை போட்டா நிக்கும்தான். அந்த ஓட்டையைப் பாசி அடைச்சா? உங்க அண்ணன் ரத்தம் மெஷின்ல சுத்திட்டு இருக்கறப்ப, பென்சில் முனை அளவு ஓட்டையை நம்பி நீ கீழ உக்காந்திருப்பியா?"

இன்ஜினியர் மாடி விளிம்புக்கு வந்து கீழே பார்த்தான். "அண்ணா..."

ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது. "அறுடா."

பிளேடு கரகரத்தது. துண்டு விழுந்தது. பைப்பின் வாய் காற்றை உறிஞ்சி ஒரு பெருமூச்சு விட்டது. காது மாடியிலிருந்தே கத்தினான். "பைப்பு காலியாகும். மறுபடி ஊத்தணும். குடத்தை எடுங்கக்கா!"

அவள் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற இறங்கியது. மூன்றாவது குடத்தில் காது வந்து சேர்ந்து, மூடியைத் திருகி, சுவிட்சைத் தட்டினான். மோட்டார் இருமியது. இருமிக்கொண்டே இருந்தது.

"பிடிக்கல. இன்னொரு தடவை."

நிறுத்தினான். திறந்தான். அவள் ஊற்றிய வேகத்தில் பாதித் தண்ணீர் வெளியே போனது. நான்காவது குடம். ஐந்தாவது. சுவிட்ச்.

மோட்டாரின் குரல் மாறியது.

இரண்டு மூச்சு இடைவெளி. பிறகு வீட்டின் தலைக்கு மேல் தடதடவென்று தண்ணீர் விழுந்தது.

உள்ளறையில் அவள் கணவன் கண்ணை இறுக மூடி, போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சிஸ்டர் அவன் கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது.

"ரொம்பத் தேங்கியிருக்கு," என்றார். "இன்னிக்கு ஓடியே ஆகணும். ஆனா நான் முழு மனசோட ஆரம்பிக்கணும்னா தண்ணி நிக்கும்னு எனக்குத் தெரியணும்மா. பாதியில கழட்டினா அவருக்குத்தான் ஆபத்து."

"பத்து நிமிஷம் குடுங்க சிஸ்டர்."

மூன்று ஐம்பதுக்குப் பச்சை வந்தது. மோட்டாரை நிறுத்தினார்கள். வீடு முழுக்க அமைதி. இந்த அமைதிதான் இந்த வாரம் முழுக்கத் தண்ணீரைத் திருடியது. அவள் கீழ்த்தொட்டிக்குள் குனிந்து, தண்ணீரின் விளிம்பில் புதிதாக ஒரு கோடு போட்டாள்.

ஒரு நிமிடம்.

பைப்பில் நின்ற இரண்டு குடம் தண்ணீர் இறங்கியது. காது மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டே இருந்தான். "ஸ்ஸ்ஸ்... இன்னும் வருது... வருது..."

ஐந்து நிமிடம். சிஸ்டர் பின்கட்டுக்கே வந்து, தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். இன்ஜினியர் நகம் கடித்தான்.

"நின்னுடுச்சு," என்றான் காது.

நான்கு மணிக்குக் கோடு காய்ந்த சுவரில் வெள்ளையாக நின்றது. தண்ணீர் அதைத் தொட்டதோடு சரி, மேலே ஏறவில்லை.

"ஆரம்பிக்கலாம்," என்றார் சிஸ்டர்.

அடைத்து வைத்திருந்த வீட்டு வால்வைக் காது திறந்துவிட்டான். ஊசிகள் ஏறின. சிவப்புக் குழாய் வழியாக ரத்தம் வெளியே வந்து, நீலக் குழாய் வழியாக உள்ளே போனது. மெஷினில் பச்சை. ஐந்து மணி. செவ்வாயும் வியாழனும் காலை வாரிய ஐந்தரை மணி வந்தது. அவள் சமையலறைக்குப் போனாள்.

பச்சை அணைந்திருந்தது. மஞ்சள்.

கால் தடுக்கப் பின்கட்டுக்கு ஓடினாள். மூடியைத் தூக்கினாள். கோடு அப்படியே இருந்தது. தண்ணீர் திருட்டுப் போகவில்லை. மெஷின் குடிக்கிறது, அவ்வளவுதான்.

"தம்பி, எதுக்கும் ரொப்பி வெச்சிடலாம். குடத்தை எடு."

"இனிமே ஒவ்வொரு தடவையும் நான்தான் ஊத்தணுமா அண்ணி?"

"நாளைக்கு வால்வு மாத்தற வரைக்கும் நீதான்," என்றான் காது. வண்டியில் உட்கார்ந்தும் கிளம்ப மனமில்லாமல் இருந்தான். "சம்பளம் கிடையாது இன்ஜினியர்."

மோட்டார் பிடித்தது. மேலே தண்ணீர் தடதடத்தது. அவள் கணவனிடம் போனாள். கண் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை போர்வையைப் பிடிக்கவில்லை.

"புது வால்வு போட்டு, வழியில இன்னொரு வால்வும் வெச்சுட்டா, அந்தப் பைப்பை மறுபடி இறக்கிக்கலாமாம். சத்தம் வராது. சொல்லட்டுமா?"

அவன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வேண்டாம். விழட்டும். இனிமே அது விழலைன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கும்."

அவள் ஃபிரீஸரிலிருந்து ஒரு பனிக்கட்டி எடுத்து வந்து அவன் நாக்கில் வைத்தாள். பாட்டிலில் ராத்திரிக் கோட்டிலிருந்து அந்த அளவைக் கழித்தாள். சிஸ்டர் படிவத்தை ரொம்ப உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்ஸ்பெக்டரம்மா."

"என்ன?"

"மதியத்துலருந்து ஓடிட்டு இருக்க. போய்த் தண்ணி குடி." கண்ணை மூடிக்கொண்டான். "இல்ல, போகாத. இங்கயே கொண்டு வந்து குடி."

அவள் டம்ளரை எடுத்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதல் வாய் உள்ளே இறங்கவே இல்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டாவது வாய் இறங்கியது. பிறகு நிறுத்தாமல், டம்ளர் காலியாகும் வரை, சத்தமாகக் குடித்தாள்.